சட்டையில் இல்லாத ஓட்டை

பாக்கெட்டைத் துழாவாமல் எந்தத் துணியையும் அந்த அக்கா தண்ணீரில் முக்கியதில்லை. பஸ் டிக்கெட், பாதி பீடி, பேனா மூடி, ஊரிலிருந்து வந்த கடிதம், எது அகப்பட்டாலும் சரி, பழைய செய்தித்தாளில் பொட்டலம் கட்டி, மேலே அந்தச் சட்டைக்காரனின் சலவைக்குறியைப் போட்டு, தேய்த்த துணியோடு திருப்பிக் கொடுத்துவிடும். பாதி பீடியைப் பொட்டலமாக வாங்கிக்கொண்டவர்கள் இந்த வட்டாரத்திலேயே நாங்களாகத்தான் இருப்போம்.

"பீடியைத் தூக்கிப் போட வேண்டியதுதானே அக்கா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"நான் யாரு சார் தூக்கிப் போட? அது அவன் பீடி. நம்முது இல்லாதது நம்ம வூட்ல தங்கக்கூடாது."

அக்காவின் பெயர் எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரிந்திருந்ததாகத் தெரியவில்லை. எங்கள் கேட் வாட்ச்மேன் தன் நோட்டில் 'துணி, உள்ளே 9.10, வெளியே 9.25' என்று எழுதுவார். நாற்பதைத் தாண்டிய வயது இருக்கும். என்னைவிட ஆறேழு வருஷம் மூத்தவராக இருக்கலாம், கேட்கும் தைரியம் வந்ததில்லை. ஒரு பழைய டி.வி.எஸ். ஃபிஃப்டி. முன்னால் ஒரு மூட்டை, பின்னால் ஒரு மூட்டை. தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டு மூட்டைகள் தாமாகவே ஒரகடம் ரோட்டில் வருவது போலிருக்கும். பக்கத்தில் வந்தால்தான் நடுவில் ஒரு முகமும், ஹேண்டில்பாரில் சுற்றிய பிளாஸ்டிக் ஜெபமாலையும் தெரியும். வீடு சேரப்பணஞ்சேரிக்கு உள்ளே தள்ளி, மாதா கோயில் தெருவில். கொல்லையில் ஒரு கிணறு, ஒரு சிமெண்டுத் தொட்டி. அந்தத் தொட்டியில்தான் நாலு கம்பெனித் துணியும், ஃபாதருடைய பூசை அங்கியும் முங்கி எழும்.

எனக்கும் அக்காவுக்கும் பழக்கம் ஏற்பட்டதே ஒரு பொட்டலத்தால்தான். அப்போது எனக்கு முப்பத்து நாலு வயது. கல்யாணம் ஆகவில்லை. பத்திரிகையில் கொடுப்பதற்காக ஒரு மணமகள் தேவை விளம்பரம் எழுதி, அடித்து, திருத்தி, சட்டைப் பையிலேயே மறந்துவிட்டேன். பொட்டலம் வந்தது. அக்கா கொடுத்துவிட்டுப் போகவில்லை, நின்றது.

"சார், ஒண்ணு சொல்லலாமா?"

"சொல்லுங்கக்கா."

"ஒயரம் அஞ்சடி எட்டுன்னு எழுதிக்கீற."

"ஆமா."

"உன் பேண்ட்டு நீளம் எனக்குத் தெரியும் சார்."

அன்றிலிருந்து அக்காவிடம் நான் பொய் சொன்னதில்லை. ஒருமுறை தவிர. அதைப் பற்றித்தான் எழுத வேண்டும், அதற்கு முன் லாரிக்காரன் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

மண் லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே அக்காவை ரோட்டோரச் சரளையில் இறக்கிவிட்டது. போகிற போக்கில் டிரைவர் தலையை நீட்டி, "கஸ்மாலம்! மூட்டைய எட்த்துக்கினு ஓரமா போ!" என்று கத்திவிட்டுப் போனான். அக்கா வண்டியைத் திருப்பியது. இரண்டு மூட்டையோடு இரண்டு மைல் துரத்தியது. ஒரு டீக்கடையில் லாரி நின்றிருந்தது. டிரைவர் வடையை வாயில் வைக்கும் நேரத்தில் அக்கா எதிரே போய் நின்றது.

"தம்பி, வழில ஒண்ணு வுட்டுட்டு வந்துட்ட."

அவன் பயந்துபோய் லாரியின் டயரைப் பார்த்தானாம். "இன்னாம்மா வுட்டேன்?"

"கஸ்மாலம்னு ஒண்ணு. என் மேல வுழுந்துச்சு. என்னுது இல்ல. நீயே வச்சிக்க."

சொல்லிவிட்டு வந்துவிட்டது. டீக்கடை முழுக்கச் சிரித்ததாம். அந்த டிரைவரே பிறகு இதை எங்கள் கேட்டில் நின்று சொல்லியிருக்கிறான். ஆகவே பொய்யாக இருக்காது.

இனி எங்கள் கம்பெனி. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கார் கம்பெனிகள் வந்துவிட்டன. ஒரகடத்தில் இன்னும் நிலம் அளந்து கல் நட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த இடைக்காலத்தில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே நாங்கள் பழைய எஞ்சின் ஆயிலைப் புதிதாக்கிக்கொண்டிருந்தோம். மெக்கானிக் ஷெட்டுகளிலிருந்தும் லாரி டிப்போக்களிலிருந்தும் கருப்பாக எண்ணெய் டிரம்மில் வரும். சூடாக்கி, அதில் சல்ஃப்யூரிக் ஆசிட்டை ஊற்றுவோம். எண்ணெயில் இருக்கிற அழுக்கையெல்லாம் ஆசிட் பிடித்துக்கொண்டு தொட்டியின் அடியில் போய்ப் படியும். மேலே தெளிந்த எண்ணெய். அதைக் களிமண் பொடியில் வடிகட்டி, டின்னில் அடைத்தால் வியாபாரம். அடியில் படிந்ததை என்ன செய்வது என்பதைப் பற்றி யாரும் யோசித்ததில்லை. யோசிக்க வேண்டியவன் நான். கம்பெனி கெமிஸ்ட். பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி, மூன்று வருஷப் படிப்பை ஐந்து வருஷம் ஆழ்ந்து படித்தவன்.

அந்தக் கழிவு கன்னங்கரேலென்று, கொழகொழப்பாக, பளபளவென்று இருக்கும். நான் அதற்குக் கருப்பு அல்வா என்று பெயர் வைத்தேன். பெயர் நிலைத்துவிட்டது. அந்தத் தொழிலுக்கு நான் செய்த ஒரே பங்களிப்பு. அல்வாவைப் பாதிக்குப் பாதி செங்கல் சூளைக்காரன் எரிக்க எடுத்துப் போவான். மீதியை ஆட்கள் வாளியில் அள்ளி, பின்பக்கம் வெட்டிய பள்ளத்தில் கொட்டி மண் போடுவார்கள். சித்திரை வெயிலில் அது மண்ணைப் பிளந்துகொண்டு மேலே பொங்கி வரும். மறுபடி மண் போடுவார்கள்.

அள்ளுகிற ஆட்கள் ஏழு பேர். எல்லாரும் திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்துப் பையன்கள், ஒரே அறையில் தங்கியிருந்தார்கள். அவர்களில் சுடலை என்பவன்தான் முன்னால் நிற்பவன். நான் தொட்டிப் பக்கம் போவது மாதம் ஒருதரம். தூரத்தில் நின்று கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு, "ம், நல்லா வருது" என்பேன். என்ன நல்லா வருகிறது என்று எனக்கும் தெரியாது.

பையன்கள் வேலை செய்யும்போது பழைய லுங்கியும் கிழிந்த பனியனும்தான் போட்டிருப்பார்கள். அவை பிறந்ததே ஓட்டையோடுதான், ஆகவே புதிதாக ஓட்டை விழுந்தால் யாருக்குத் தெரியப் போகிறது? இந்த நேரத்தில் ஒரு பெரிய கம்பெனி, தன் பழைய ஆயில் முழுவதையும் எங்களுக்குக் கொடுக்கலாமா என்று யோசிப்பதாகச் சொல்லியனுப்பியது. ஆள் வந்து பார்ப்பார்களாம். முதலாளி உடனே எல்லாருக்கும் வானநீலத்தில் பருத்தி யூனிபார்ம் தைத்தார். ஆளுக்கு இரண்டு செட். துவைக்க அக்காவிடம் கொடுத்தார். அதுவரை அக்கா எங்களிடம் வாங்கிப் போனது முதலாளியின் வெள்ளைச் சட்டைகளையும் என் துணியையும் மட்டும்தான்.

முதல் சலவையிலேயே யூனிபார்ம் சல்லடையாகத் திரும்பி வந்தது.

முதலாளி ஒரு பேண்ட்டை எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். ஓட்டை வழியாக என் முகம் தெரிந்திருக்கும். பேண்ட்டை இறக்கினார்.

"ஏம்மா, பிளீச்சிங் பவுடர அள்ளிக் கொட்டுனியா?"

"இல்ல சார். எல்லாத்துக்கும் போடுற அளவுதான்."

"பின்ன ஓட்ட எப்டி வந்துச்சு? குடுக்கும்போது நல்லாத்தானே இருந்துது? உன் தொட்டிக்குப் போயிட்டு வந்துதானே கிழிஞ்சிருக்கு?"

அதுதான் விஷயத்தின் குயுக்தி. ஆசிட் தெறித்த பருத்தித் துணி போட்டிருக்கும்போது கிழியாது. காய்ந்ததும் பார்த்தால் கறைகூடப் பெரிதாகத் தெரியாது. நூல் உள்ளுக்குள் இற்றுக்கொண்டே இருக்கும். தண்ணீரில் முக்கிக் கசக்கும்போதுதான் பொத்துக்கொள்ளும். பாவம் செய்தது ஒரு இடம், வெளியே தெரிவது சலவைக்காரியின் கையில். இது எனக்குத் தெரியும். மூன்று வருஷப் படிப்பில் இல்லாவிட்டாலும் மிச்ச இரண்டு வருஷத்தில் படித்திருக்கிறேன்.

முதலாளி என் பக்கம் திரும்பினார். "கெமிஸ்ட், நீ சொல்லு."

அக்காவும் என்னைப் பார்த்தது.

"பிளீச்சிங் பவுடர் ஜாஸ்தியானா," என்றேன், "பருத்தி நூல் இத்துப்போக வாய்ப்பு உண்டு சார்."

அந்த வாக்கியத்தில் ஒரு பிழையும் இல்லை. எந்தப் புத்தகத்தில் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். ஆனாலும் என் வாழ்நாளில் சொன்ன பொய்களில் அதற்குத்தான் முதலிடம்.

 அக்கா, அடுத்த சலவைக்குப் போட வைத்திருந்த அழுக்கு மூட்டையை எடுத்துக்கொண்டு போய்விட்டது. முதலாளி அத்தோடு விடவில்லை. பக்கத்தில் இரும்புத் தகடு அடிக்கும் பிரஸ் ஷாப் முதலாளிக்கு போன் போட்டு, "அந்த அம்மாகிட்ட துணி குடுக்காதீங்க, ஆசிட்டு மாதிரி எதையோ போட்டுத் தொவைக்குது" என்றார். ஆசிட் என்ற வார்த்தை அவர் வாயிலேயே வந்ததுதான் வேடிக்கை. அன்று சாயங்காலமே பிரஸ் ஷாப் துணியை நிறுத்திவிட்டது. நாலு கம்பெனியில் ஒன்று போயிற்று, இரண்டாவதாக எங்களுடையது. மிச்ச இரண்டுக்கும் செய்தி போக எத்தனை நாளாகும்? கேட்டுக்குக் கேட்டு வாட்ச்மேன்கள் ஒருவருக்கொருவர் மச்சான் முறை.

வாரம் கழித்து அக்கா வந்தது. நேராக ஆபீஸ் அறைக்குள். முதலாளி மேஜைமேல் இரண்டு துணியை வைத்தது. ஒன்று முதலாளியின் வெள்ளைச் சட்டை, கஞ்சி போட்டுத் தேய்த்தது. இன்னொன்று ஃபாதரின் அங்கி.

"பாத்துக்க சார். ரெண்டும் அதே தொட்டி, அதே பவுடரு, அதே நாளு. உன் சட்டைல எங்கனா ஓட்ட கீதா? இந்த அங்கில கீதா? ஃபாதரு இத்த மாட்டிக்கினுதான் ஞாயித்துக்கெழம பூசை வெச்சாரு."

"என் துணிய தனியாத் தொவைப்ப."

"உனக்குன்னு தனித் தொட்டி கட்றதுக்கு நீ இன்னா சார், பிஷப்பா?"

நான் சிரித்துவிட்டேன். முதலாளி பார்த்ததும் இருமலாக மாற்றிக்கொண்டேன்.

அக்கா மூட்டையிலிருந்து சுடலையின் யூனிபார்ம் பேண்ட்டை எடுத்தது. போன வாரம் எடுத்துப்போன அதே மூட்டை, துவைக்காமல் அப்படியே கட்டி வைத்திருந்திருக்கிறது. மூலையில் இருந்த குடிதண்ணீர் வாளியைக் காட்டி, "இது உன் தண்ணிதானே சார்? இதுல நான் ஒண்ணும் கலக்கலியே?" என்று கேட்டு, பேண்ட்டை முக்கியது. சோப்பு இல்லை, பவுடர் இல்லை. எடுத்து ஒரு முறுக்கு முறுக்கியது. ஊறிய அப்பளம் போல முழங்கால் பக்கம் கையோடு வந்துவிட்டது. சின்னச் சின்ன நீலத் துணுக்குகள் முதலாளியின் தரையில் விழுந்தன.

முதலாளி என்னைப் பார்த்தார்.

"ஆசிட்டாகவும் இருக்கலாம் சார்," என்றேன்.

அக்கா ஈரப் பேண்ட்டை மேஜைமேல் வைத்தது. "இந்தப் பழி என்னுது இல்ல சார். உன்னுது. திருப்பிக் குடுத்துட்டேன். இப்ப போன எடு. எந்த வாயால பிரஸ் ஷாப்புக்குச் சொன்னியோ அதே வாயால சொல்லு."

முதலாளி போனை எடுத்தார். வேறு வழியில்லை, மேஜை நனைந்துகொண்டிருந்தது.

இதோடு முடிந்திருந்தால் அக்காவை நான் இன்று நினைத்துக்கொண்டிருக்க மாட்டேன். கெட்டிக்கார சலவைக்காரம்மா என்று ஒரு வரியில் போயிருக்கும். அதற்குப் பிறகு எனக்கு மூளை வேலை செய்தது. அடுத்த செட் யூனிபார்மைப் பாலியஸ்டரில் தைக்கலாம் என்றேன். பாலியஸ்டர் ஆசிட்டுக்கு லேசில் மசியாது. முதலாளி என் தோளில் தட்டினார். "பாத்தியா, இதுக்குத்தான் படிச்சவன் வேணுங்கறது!" அன்று மத்தியானம் ஆபீஸுக்கு எனக்கென்று தனியாக டபுள் ஆம்லெட் வரவழைத்தார். நானும் வெட்கமில்லாமல் சாப்பிட்டேன்.

யூனிபார்ம் மினுமினுவென்று வந்தது. பையன்களுக்கு ஒரே குஷி. இரண்டு மாதம் ஒரு ஓட்டைகூட விழவில்லை. துணியும் மறுபடி அக்காவிடமே போய்க்கொண்டிருந்தது. அக்கா சந்தோஷப்படும் என்று எதிர்பார்த்தேன். ஒருநாள் துணியைக் கொடுத்துவிட்டு என் மேஜைக்கு எதிரில் நின்றது.

"சார், ஓட்ட எங்க போச்சு?"

"நின்னுபோச்சு அக்கா. பாலியஸ்டர்ல ஆசிட் ஏறாது. அதோட மாலிக்யூல் இருக்குதே..."

"அத்த வுடு. அதே ஆசிட்டு, அதே வாளி, அதே பசங்க. முன்ன சட்டைல வுழுந்துச்சு. இப்ப சட்டைல இல்ல. அப்ப வேற எங்கயோ கீது இல்ல?"

 அக்கா பதிலுக்கு நிற்கவில்லை. பின்பக்கம் நடந்தது. பின்னாலேயே போனேன். பள்ளத்தருகே சுடலை வாளியைக் கழுவிக்கொண்டிருந்தான்.

"டேய் சுடல, இங்க வா. பேண்ட்டத் தூக்கு."

"ஐயே, என்னக்கா நீங்க, இத்தன ஆளுக்கு முன்னால..."

"தூக்குடா. உன் வயசுல எனக்குப் புள்ள இருந்திருந்தா இந்நேரம் தூக்கியே வுட்டிருப்பேன்."

சுடலை நெளிந்துகொண்டே முழங்காலுக்கு மேல் மடித்தான். தோல் சிவந்து, அங்கங்கே காசு காசாக உரிந்து, சில இடங்களில் நீர் கோத்திருந்தது.

"என்னைக்கிலேர்ந்து?"

"ஒரு மாசம் இருக்கும்க்கா. சூட்டுக் கொப்புளம்னுல்லா நெனச்சேன். தேங்கா எண்ண போட்டா எரியுது. அவனுவளுக்கும் இருக்கு." மற்றவர்களைக் காட்டினான். "நாங்க புதுத்துணி ஒத்துக்கலன்னு பேசிக்கிட்டோம்."

பருத்தி, தெறித்ததை உறிஞ்சித் தன்னை இற்றுப்போக விட்டது. பாலியஸ்டர் தனக்கு ஒன்றும் ஆகாமல், உள்ளே இறங்கிய ஈரத்தைத் தோலோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டது. முன்பாவது துணி கிழிந்து காட்டிக்கொடுத்தது. இப்போது காட்டிக்கொடுக்க யாரும் இல்லை. அந்த ஏற்பாட்டைச் செய்தவன் ஆம்லெட் சாப்பிட்டவன்.

அக்கா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது ஜோக் அடித்திருப்பேன். "ஓட்டைய நீ நிறுத்தல சார். தெரியிறதத்தான் நிறுத்துன" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனது. மூன்று நாள் எனக்கு ஆம்லெட் இறங்கவில்லை. நாலாம் நாள் இறங்கியது, அதையும் சொல்லிவிட வேண்டும்.

அடுத்த சலவையில் எல்லா யூனிபார்மும் ஒட்டுப் போட்டு வந்தன. பேண்ட்டில் முழங்காலுக்கு ஒன்று, சட்டைக் கையில் ஒன்று. உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளைப் பருத்தித் துண்டு, நாலு பக்கமும் தையல். ஓரத்தில், துவைத்தாலும் போகாத சேங்கொட்டை மையில் அவரவர் குறி.

"கோயில்ல கிழிஞ்ச மேஜ விரிப்பு சார். ஃபாதரக் கேட்டுத்தான் எட்த்தேன்," என்றது அக்கா. "பாலியஸ்டர் பொய் சொல்லும். இது சொல்லாது."

அன்றிலிருந்து சனிக்கிழமைதோறும் துண்டு பார்க்கும் வைபவம். தண்ணீர் ஊற்றி, கட்டைவிரலால் ஒரு தேய்ப்பு. விரல் உள்ளே போனால் அந்த ஆள் அந்த வாரம் ஆசிட்டை மேலே வாங்கியிருக்கிறான் என்று அர்த்தம். உடனே காலைக் கழுவச் சொல்லி, புண் இருக்கிறதா என்று பார்த்து, புதுத் துண்டு தைத்துக் கொடுக்கும். ஒருவனுக்குக்கூட விரல் போகாமல் இருந்ததில்லை. பையன்களும் வாளியைக் கொஞ்சம் தள்ளிப் பிடிக்க ஆரம்பித்தார்கள், வேலை விட்டதும் குழாயடிக்கு ஓடினார்கள். ஆனால் அள்ளுவது அள்ளுவதுதானே, தெறிக்காமல் இருக்குமா?

என் பேண்ட்டுக்கும் ஒரு துண்டு தைத்திருந்தது. எனக்கு எதற்கு என்று கேட்டேன்.

"நீயும் இங்கதானே சார் சம்பளம் வாங்குற?"

என் துண்டு மல்லிகைப்பூ மாதிரி இருந்தது. வாராவாரம். அக்கா தேய்த்துப் பார்த்து, "உன்னுது சுத்தமா கீது சார்" என்று சொல்லும். குரலில் கிண்டல் இருக்காது. இருந்திருந்தால் தேவலை.

பெரிய கம்பெனி ஆள் வருகிற நாள் வந்தது. முந்தின நாள் முதலாளி என்னிடம் ஒரு கத்தரிக்கோலைக் கொடுத்தார். "அந்த ஒட்டெல்லாம் பிரிச்சிடு. பாக்க பிச்சக்கார மடம் மாதிரி இருக்கு."

கத்தரிக்கோலோடு போனேன். சுடலை என்னைப் பார்த்தான், கத்தரியைப் பார்த்தான்.

"அண்ணாச்சி, பேண்ட்டத் தாரேன், கொண்டு போங்க. துண்டப் பிரிக்க மாட்டேன்."

"நாளைக்கு ஒரு நாள்தான்டா."

"பேண்ட்டு மொதலாளிக்குள்ளது, அண்ணாச்சி. துண்டு அக்காவுக்குள்ளது. அவிய வந்து கேட்டா நீங்க பதில் சொல்லுவீயளா?"

நான் திரும்பி வந்து, கத்தரிக்கோல் மொட்டை என்று முதலாளியிடம் சொன்னேன். எனக்குத் தெரிந்த வீரம் அவ்வளவுதான்.

மறுநாள் வந்தவர் சின்ன வயசுக்காரர். தலையில் ஹெல்மெட், கையில் அட்டை. தொட்டியைப் பார்த்தார், டிரம்மைப் பார்த்தார், வரிசையில் நின்ற பையன்களைப் பார்த்தார்.

"இது என்ன, எல்லாருக்கும் வெள்ளையா?"

"யூனிபார்ம் டிசைன் சார்," என்றார் முதலாளி.

அவர் குனிந்து சுடலையின் முழங்காலைப் பார்த்தார். அன்று காலைதான் குழாயடியில் அந்தத் துண்டு நனைந்திருந்தது. ஒற்றை விரலை நீட்டினார். விரல் உள்ளே போனது.

"டிசைன்ல ஓட்டையுமா?" என்று நிமிர்ந்து, கெமிஸ்ட் யார் என்று கேட்டார்.

எனக்கு மூன்று ஜோக் தோன்றியது. நல்ல ஜோக்குகள். முதலாளி என்னைக் கெஞ்சலாகப் பார்த்தார். சுடலை பார்க்கவில்லை. அவன் தரையைப் பார்த்துக்கொண்டு, நான் என்ன சொல்லப்போகிறேன் என்று முன்பே தெரிந்தவன் போல நின்றான். அதுதான் என்னைக் குத்தியது.

"ஆசிட் சார்," என்றேன். "கழிவ வாளில அள்றாங்க. தெறிக்குது."

வந்தவர் எழுதிக்கொண்டார். அள்ளுவதை நிறுத்துங்கள், நிறுத்தியதும் சொல்லியனுப்புங்கள், அப்புறம் பேசலாம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அன்றைக்கே முதலாளி கேட்டுக்கு வந்து அக்காவிடம், "நாளைலேர்ந்து கம்பெனிக்குள்ள கால் வெக்காத" என்றார். துணியைக் காஞ்சிபுரத்து ஆள் ஒருவரிடம் மாற்றிவிட்டார். அக்கா சரி என்று தலையாட்டி, எங்கள் கம்பெனி அழுக்குத் துணி பாக்கியிருந்ததை எண்ணிக் கொடுத்துவிட்டு, வண்டியை உதைத்துப் போய்விட்டது.

சனிக்கிழமை ஐந்து மணிக்கு ஷிப்ட் விட்டது. கேட்டுக்கு வெளியே, ரோட்டோரத்தில், டி.வி.எஸ். நின்றது. அக்கா கையில் ஒரு தண்ணீர் கேன், ஊசி, நூல், வெட்டிய வெள்ளைத் துண்டுகள். பையன்கள் வரிசையாகப் போய் நின்றார்கள். சம்பளமும் இல்லை, சலவையும் இல்லை, ஆனால் துண்டு பார்த்தாக வேண்டும்.

முதலாளி உள்ளிருந்து கத்தினார். "ஏம்மா! உன்ன வராதன்னு சொன்னேனில்ல?"

"உள்ள வரல சார். இது ரோடு."

"என் கேட்டு முன்னாடி நிக்காத!"

"ரோடு கெவர்மெண்ட்டுது. உன்னுதும் இல்ல, என்னுதும் இல்ல. கால நீட்டுடா சுடல."

அடுத்த சனிக்கிழமையும் வந்தது. அதற்கு அடுத்ததும். மழையில் ஒருமுறை கோணிப்பையைத் தலையில் போட்டுக்கொண்டு நின்று தைத்தது. கம்பெனி பஸ்களில் போகிறவர்கள் எல்லாம் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்கள். மற்ற கம்பெனிப் பையன்கள் இறங்கிவந்து விசாரித்தார்கள். நாலாவது வாரம் முதலாளிக்குப் பொறுக்கவில்லை. என்னைக் கூப்பிட்டு, "அள்ளாம எறக்க வழி இருக்கா, இல்லியா?" என்றார்.

வழி ஆரம்பத்திலிருந்தே இருந்தது. தொட்டிக்கு அடியில் ஒரு பெரிய வால்வு உண்டு. அதைத் திறந்தால் அல்வா தானாகவே தகரச் சரிவு வழியாகப் பள்ளத்துக்குப் போய்விடும். ஆனால் வாங்கிய முதல் மாதமே அது இறுகி அடைத்துப்போனது. குடைந்து எடுக்கச் சோம்பல்பட்டு, "வாளியிலேயே அள்ளிடலாம் சார், ஆளுங்க இருக்காங்களே" என்று சொன்ன கெமிஸ்ட் யார் என்பதை வாசகர்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

ஏப்ரன், கையுறை, கம்பூட் எல்லாம் வந்தன. வால்வுக்குள்ளே எந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று தெரிந்தவன் நான் ஒருவன்தான். சுடலையும் நானும் தொட்டிக்கு அடியில் முட்டி போட்டு உட்கார்ந்து, பத்து நாள், சுண்ணாம்பும் தண்ணீரும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாகக் குடைந்தோம். அந்த நாற்றம் மூக்கில் ஏறி, சோற்றிலும் அதே வாசனை அடித்தது. கைக்குட்டையெல்லாம் எந்த மூலைக்கு? மூன்றாம் நாளே சுடலை கேட்டான்: "அண்ணாச்சி, இம்புட்டு நாளும் நல்லா வருது நல்லா வருதுன்னு சொன்னது இதத்தானா?" பத்தாம் நாள் வால்வு திறந்தது. கருப்பாக, தடியாக, தன்பாட்டுக்கு இறங்கிப் போனது. ஒரு வாளிகூடத் தேவைப்படவில்லை. பள்ளம் பள்ளமாகத்தான் இருந்தது. அது வேறு வம்பு, அதற்கும் அக்கா பின்னால் ஒரு கை பார்த்தது. கைகளும் கால்களும் மட்டும் அன்றோடு தப்பின.

அடுத்த சனிக்கிழமை வரிசையில் எட்டுப் பேர் நின்றோம். நான் கடைசி. அக்கா ஒவ்வொரு முழங்காலிலும் தண்ணீர் ஊற்றி, கட்டைவிரலால் தேய்த்தது. சுடலையுடையது கிழியவில்லை. அவன் ஏப்ரனை ஒழுங்காகக் கட்டியிருந்தான். நம்பாமல் இன்னொரு தரம் தேய்த்தது. அடுத்தவன், அதற்கடுத்தவன். ஏழு துண்டும் முழுசாக இருந்தன. அக்கா மூக்கை முந்தானையில் துடைத்துக்கொண்டது.

என் முறை வந்தது. பழக்க தோஷத்தில், "உன்னுது சுத்தமாத்தான்..." என்று ஆரம்பித்துக்கொண்டே தேய்த்தது. விரல் உள்ளே போய்விட்டது.

அக்கா விரலைப் பார்த்தது. என்னைப் பார்த்தது. பிறகு, நடுரோட்டில், பிரஸ் ஷாப் பஸ் நிறைய ஆட்கள் பார்த்துக்கொண்டிருக்க, என் பேண்ட்டை முழங்காலுக்கு மேல் சுருட்டிவிட்டது. என் கால்கள் ஊர் பார்க்கும்படியான கால்கள் அல்ல. பஸ்ஸுக்குள்ளிருந்து யாரோ விசில் அடித்தார்கள். சுடலை முகத்தைத் திருப்பிக்கொண்டு குலுங்கினான்.

அக்கா குனிந்து, தோலைத் தொட்டு, அழுத்தி, அந்தப் பக்கம் இந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தது.

"தோலு தப்பிச்சிது," என்றது. "அடுத்த வாட்டி ஏப்ரன இறுக்கிக் கட்டு. அசையாத சார், ஊசி."